உரைபெயர்க்கும் வேலையிலிருந்து ஒரு மாணவி விடுபட்ட கதை: சேலம் குகைப் பகுதியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பரிமாற்றத் திட்டத்தில் வரும் அயல்நாட்டு மாணவர் ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால், அவருடைய மொழி நம் பிள்ளைக்குத் தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது கல்லூரிகளில் பரவலான நம்பிக்கை. வீடு கேட்டுப் போகிறவர்கள் பெற்றோர் முன் முதலில் எடுத்து வைப்பதும் இந்த வாதத்தைத்தான். சேலம் குகைப் பகுதியைச் சேர்ந்த ஒரு பொறியியல் மாணவியின் ஓராண்டு அனுபவம் இந்த நம்பிக்கையைப் பாதி ஆமோதிக்கிறது, பாதி மறுக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த முதல் விருந்தாளியுடன் கழித்த தொடக்க வாரங்களில் அவருடைய ஜப்பானியம் வளரவில்லை. உள்ளதுகூடச் சுருங்கியது. வீட்டார் அவரை உரைபெயர்ப்பாளராக அழைப்பதை நிறுத்திய பிறகுதான் அது வளரத் தொடங்கியது.

அவர் படிக்கும் கல்லூரியில் மாலை நேர ஜப்பானிய வகுப்பை நடத்துபவன் நான். பரிமாற்ற மாணவர்களுக்கு வீடு பார்த்துத் தரும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. மாணவியின் குறிப்பேடுகள், வகுப்பில் பதிவு செய்த உரையாடல்கள், வீட்டாரிடம் பேசியவை ஆகியவற்றைக் கொண்டு இதை எழுதுகிறேன். மாணவியும் பெற்றோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெயர்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

தந்தை வீட்டை ஒட்டிய சிறிய பட்டறையில் வெள்ளிக் கொலுசு செய்பவர். சரக்கு செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்குப் போகிறது. தாயார் வீட்டையும் பட்டறைக் கணக்கையும் பார்க்கிறார். தாயாரின் அம்மா, மாணவிக்கு அம்மாயி, அதே வீட்டில் இருக்கிறார். மாணவி கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு. ஜப்பானிய வகுப்பில் சேர்ந்ததற்குப் பண்பாட்டு ஆர்வம் எதுவும் காரணம் இல்லை. மூத்த மாணவர்களில் ஜப்பானியம் தெரிந்தவர்களுக்கு மென்பொருள் நிறுவனங்களில் வேலை எளிதாகக் கிடைத்ததைப் பார்த்துச் சேர்ந்தார். இதை அவரே வெளிப்படையாகச் சொன்னார், எனக்குப் பிடித்திருந்தது. கொரிய எழுத்தைத் தனியாக, தொடர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார். அது ஆர்வம். இது பிழைப்பு. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

டிசம்பரில் ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்கப் படியான என்5-ஐ எழுதித் தேறினார். 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி. அதைச் சற்றே தாண்டினார். இந்தத் தேர்வைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: என்5 முதல் என்1 வரை எந்தப் படியிலும் பேச்சுத் தேர்வு கிடையாது, கட்டுரை எழுதும் பகுதியும் கிடையாது. விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிக்க வேண்டியதுதான். வாயைத் திறக்காமலே உச்சிப் படிவரை ஏறிவிடலாம். ஆனாலும் 'மொழி தெரிந்த மாணவி' என்று அவர் வீட்டைப் பட்டியலில் சேர்ப்பதற்கு அந்தச் சான்றிதழே போதுமானதாக இருந்தது.

தமிழர்களுக்கு ஜப்பானியம் எளிது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். வரலாற்று மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை, நானும் வகுப்பில் அதைப் பிரசாரம் செய்வதில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாக்கிய அமைப்பில் உள்ள ஒற்றுமை கண்கூடு. வினை கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை அதே வரிசையில் 'கினோ கத்தா ஹொன்' என்று சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் விட வியப்பு துணைவினைகள். 'சாப்பிட்டுப் பார்' என்று நாம் 'பார்' சேர்ப்பதுபோல அவர்களும் 'தபேதெ மிரு' என்று பார்த்தலைச் சேர்க்கிறார்கள். எழுதி வைப்பதற்கு 'கைதெ ஒகு', அதிலும் வைத்தல்தான் துணை. ஆங்கிலத்தில் இதற்குத் தனி விளக்கமே எழுத வேண்டியிருக்கும். குகையில் பிறந்த பெண்ணுக்கு ஒரு மாலை வகுப்பு போதுமானதாக இருந்தது.

குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பும் நமக்குப் பிறவியிலேயே வந்தவை என்பதால் உச்சரிப்பிலும் அவருக்குப் பெரிய தடை இல்லை. தடைகள் வேறு இடத்தில் இருந்தன. எழுவாயைச் சுட்ட 'வா', 'கா' என்ற இரண்டு இடைச்சொற்களில் எது எப்போது வரும் என்பதற்குத் தமிழில் கைப்பிடி இல்லை. சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் இன்னொரு மலை. கடைசியாக, பேச்சு. வகுப்பில் அவர் பேசியதெல்லாம் 'தேஸ்', 'மாஸ்' என்று முடியும் மரியாதை வடிவம். நெருங்கியவர்களிடம் பேசும் இயல்பு வடிவத்தைப் பாடமாகத் தெரிந்துவைத்திருந்தார். யாரிடமும் பயன்படுத்தியதில்லை.

முதல் விருந்தாளி

ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நீண்ட விடுமுறை. ஒசாகாப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி அந்த விடுமுறையில் ஐந்து வாரத் திட்டத்தில் வந்தார். முதல் நாளே தந்தைக்குத்தான் பதற்றம். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர், விடுதியானாலும் வீடானாலும், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது அதற்குச் 'சி' படிவம் என்று பெயர். கடவுச்சீட்டு, விசா விவரங்களை ஏற்றி முடிக்கும்வரை தந்தை சாப்பிடவில்லை. முடித்தபின் பட்டறை ஆட்களிடம் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினார்.

அடுத்த நாளிலிருந்து மாணவிக்கு ஓய்வு இல்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு விளக்கணைக்கும் வரை, 'பாப்பா, இவளிடம் கேட்டுச் சொல்', 'பாப்பா, இவள் என்ன சொல்கிறாள்?' என்பதுதான் வீட்டின் ஒலி. சுடுதண்ணீர் வேண்டுமா, மின்விசிறி எவ்வளவு வேகம், தலைக்கு எண்ணெய் வைக்கலாமா என எல்லாம் அவர் வழியாகவே போய்வந்தன. இரண்டாம் வாரத்தில் வகுப்பில் பதிவு செய்த அவருடைய பேச்சைக் கேட்டால் ஒரு விநோதம் தெரியும். ஏறக்குறைய எல்லா வாக்கியங்களும் 'என்று சொல்கிறார்', 'என்று கேட்கிறார்' என்று முடிகின்றன. அந்த ஒரு வடிவம் அருவிபோல வந்தது. 'நேற்று நீ என்ன செய்தாய்?' என்று நான் கேட்டபோது இரண்டு சொற்களில் நின்றுவிட்டார். டிசம்பரில் இதே கேள்விக்கு மூன்று வாக்கியங்கள் சொன்னவர்.

உரைபெயர்ப்பவர் எப்போதும் பிறர் வாக்கியத்தைத்தான் பேசுகிறார். அவருக்கு என்று சொல்வதற்கு எதுவும் இருப்பதில்லை, கேட்பதற்கும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டுப் பிள்ளை உரைபெயர்க்கும்போது இரண்டு பக்கத்தின் மானத்தையும் காப்பாற்ற முனைகிறது. குறிப்பேட்டில் உள்ள ஓர் இரவுச் சாப்பாட்டுக் காட்சி இது. அம்மாயி கேட்கிறார்: 'ஏன் கண்ணு இவ்வளவு மெலிந்திருக்கிறாய்? வீட்டில் சோறு போடுவதில்லையா? என்ன வயது? மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்களா?' மாணவி அதை ஜப்பானியத்தில் சொன்னது: 'சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்.' விருந்தாளி பிடித்திருக்கிறது என்று தலையாட்டினார். அம்மாயிக்கு, மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்று புரிந்தது. ஒரு வாரம் தெருவில் அந்தச் செய்தி உலவியது.

நீளமாகப் பேசிச் சிரிக்கிறார்கள், தனக்கு வந்து சேர்வது மட்டும் ஒற்றை வரியாக இருக்கிறது என்பதை விருந்தாளி கவனித்திருக்கிறார். பின்னாளில் அதைச் சொன்னார், குறையாக அல்ல. ஆனால் அந்த வாரங்களில் அவர் மெல்ல மெல்லப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஏற்காட்டுப் பயணம் இந்தக் கட்டத்தின் உச்சம். சேலத்திலிருந்து மலையேறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது எட்டாவதிலேயே விருந்தாளிக்குத் தலைசுற்றல். மேலே, காப்பித் தோட்டம் ஒன்றில் வேலை பார்க்கும் தாயாரின் உறவினர் ஒருவர் தோட்டத்தைச் சுற்றிக்காட்டினார். மார்ச் மாதம், ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்ததால் செடிகளில் வெள்ளை வெள்ளையாகப் பூ. நல்ல மனிதர், ஆர்வமாகப் பேசுகிறவர். காப்பிக்கு ஏன் நிழல் மரம் வேண்டும், சில்வர் ஓக்கில் மிளகுக் கொடியை ஏன் ஏற்றுகிறார்கள், பழத்தின் தோலை உரித்து, ஊறவைத்துக் கழுவி, காயவைத்துக் கொட்டை எடுப்பது எப்படி, பூத்த பிறகு மறு மழை வராவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். மாணவிக்குக் கொடி தெரியாது, தோல் உரித்தல் தெரியாது, நிழல் மறந்துபோனது. 'மரம் நல்லது என்று சொல்கிறார்.' அவ்வளவுதான் வந்தது. சேர்வராயன் கோயில் குகைக்குள் நின்றபோதும் அப்படித்தான். கடவுளைப் பற்றிய கேள்விக்கு 'மலையின் சாமி' என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

அன்றிரவு குறிப்பேட்டில் வாக்கியமே இல்லை. தெரியாத சொற்களின் பட்டியல் மட்டும், ஒரு பக்கம் முழுக்க. எல்லாம் பெயர்ச்சொற்கள்.

அகமதிப்பீட்டு வாரம்

திருப்பம் யாரும் திட்டமிட்டதல்ல. கல்லூரியில் அகமதிப்பீட்டுத் தேர்வுகள் தொடங்கின. மாணவி காலையில் கல்லூரிப் பேருந்து ஏறினால் இருட்டியபின்தான் வீடு. வந்தபின்னும் புத்தகம். விருந்தாளிக்கு அந்த வாரம் வகுப்பு குறைவு. அவரை அம்மாயியோடும் பட்டறையோடும் விட்டுவிட்டுப் போவதைத் தவிர வழி இல்லை. தாயார் என்னைக் கூப்பிட்டு, 'சார், வேறு வீடு பார்க்க முடியுமா, ஒரு வாரத்துக்கு மட்டும்?' என்று கேட்டார். கிடைக்கவில்லை.

பட்டறையில் விருந்தாளி முதலில் வேடிக்கை பார்த்திருக்கிறார். பிறகு ஒரு மனைக்கட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கொலுசு வேலை சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிப் புரியவைப்பது எளிது. கம்பியைச் சுற்றுகிறார்கள், வெட்டி வளையம் ஆக்குகிறார்கள், வளையத்தை வளையத்தில் கோக்கிறார்கள், ஊதுகுழலால் பற்றவைக்கிறார்கள். கோப்பதை மட்டும் அவர் கையில் கொடுத்தார்கள். தவறாகக் கோத்தால் பக்கத்திலிருந்தவர் பிரித்துவிட்டு மறுபடி தருவார். இதற்குத் தேவைப்பட்ட தமிழ் 'இப்படி', 'அப்படி இல்லை', 'இன்னும் ஒன்று', 'போதும்' ஆகியவைதான். வார இறுதியில் இவை நான்கும் அவருடைய சொற்களாகிவிட்டன.

அம்மாயி தன் பங்குக்கு அவரைக் கடைவீதிக்கு அழைத்துப் போனார். உரைபெயர்க்க ஆள் இல்லாதபோது அம்மாயி வேறு ஆளாக மாறினார் என்று தாயார் சொன்னார். மெதுவாகப் பேசினார், சொன்னதையே வேறு மாதிரி சொன்னார், கையைப் பயன்படுத்தினார். மொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வரவழைக்க வேண்டிய பழக்கங்கள் இவை. சோறு விஷயமும் தானாகத் தீர்ந்தது. அதுவரை அம்மாயி வற்புறுத்த, விருந்தாளி மரியாதைக்காக மறுக்காமல் சாப்பிட்டுத் தவித்துக்கொண்டிருந்தார். இப்போது இலைக்கு மேல் கையை விரித்து 'போதும் அம்மாயி' என்றார். அம்மாயி சிரித்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி வைத்தார். ஆனால் ஒன்றுதான்.

மாணவியின் மொழிக்கு இதில் என்ன? வீட்டுக்குத் திரும்பும்போது, பகல் முழுவதும் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. விருந்தாளிக்குத் தெரியும், சொல்ல ஆசையும் இருந்தது, அந்த வீட்டில் அதை ஜப்பானியத்தில் கேட்கக்கூடியவர் ஒருவர்தான். தட்டுவடை செட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் சட்னிகளும் வைத்துத் தருவது எங்கள் ஊர்ச் சாலையோரக் கடைகளின் பெருமை. பச்சைச் சட்னியைப் புதினா என்று நினைத்து விருந்தாளி அதிகம் கேட்டிருக்கிறார். பச்சை மிளகாய். கடைக்காரர் பதறி, பக்கத்துக் கடையிலிருந்து மோர் வாங்கி வந்து, காசு வாங்க மறுத்து, அம்மாயி அவரோடு சண்டை போட்டுக் காசைத் திணித்து... இந்தக் கதை இரவு பதினொரு மணிவரை போனது. மாணவி குறுக்கே குறுக்கே கேட்டிருக்கிறார்: பிறகு? யார் சொன்னது? எவ்வளவு குடித்தாய்? அம்மாயி திட்டினாரா?

குறிப்பேடு இங்கே மாறுகிறது. பட்டியல்கள் நின்று, வாக்கியங்கள் வருகின்றன, பிழைகளோடு. வகுப்புப் பதிவில் இன்னும் தெளிவு. 'தேஸ்', 'மாஸ்' உதிர்ந்து, இயல்பு வடிவம் பேச்சில் நுழைகிறது. கூடவே, என் வகுப்பில் நான் கற்பிக்காத ஒசாகாப் பேச்சு. 'நிஜமா' என்று பொருள்படும் 'ஹொந்தோ' வர வேண்டிய இடத்தில் 'ஹொன்மா' என்றார். நான் திருத்தவில்லை. கதை கேட்டுத் தொற்றிக்கொண்ட வழக்கு அது.

தேர்வு முடிந்தபின்னும் வீட்டில் பழைய நிலை திரும்பவில்லை. 'பாப்பா, கேட்டுச் சொல்' என்பது அரிதாகிவிட்டது. அம்மாயிக்கு இனி இடையாள் தேவைப்படவில்லை. சற்றே தொந்தரவாகவும் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஜூலைத் தேர்வு

விருந்தாளி ஊர் திரும்பிய பிறகு மாணவி என்4 எழுத ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போய்வந்தார். தேறவில்லை. கேட்டல் பகுதியில் நல்ல மதிப்பெண். ஆனால் எழுத்து, இலக்கணம், வாசிப்பு சேர்ந்த பகுதியில் 120-க்கு 38 என்ற குறைந்தபட்சத்தைத் தொடவில்லை. மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் ஒரு பகுதியில் குறைந்தபட்சம் இல்லையென்றால் தோல்விதான். மார்ச் முதல் அவர் கான்ஜியைத் தொடவே இல்லை என்பது காரணம். ஆக, பேச்சு மிக வேகமாக வளர்ந்த அந்த மாதங்கள், சான்றிதழ்க் கணக்கில் தோல்வி மாதங்கள். துறையில் சிலர் 'விருந்தாளியோடு அரட்டை அடித்துக் கெட்டுப்போனாள்' என்றே சொன்னார்கள். டிசம்பரில் கான்ஜியை உட்கார்ந்து படித்து எழுதினார், தேறினார். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆடி மாதத்து விருந்தாளி

அதற்கு நடுவே, ஜூலைக் கடைசியில், கொரிய மாணவி ஒருவர் அதே வீட்டுக்கு வந்தார். கொரியாவில் அது கோடை விடுமுறைக் காலம், சேலத்தில் ஆடி. கோட்டை மாரியம்மன் கோயிலில் கூட்டம், குகையில் வண்டி வேடிக்கை. இந்த முறை வீட்டார் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யோசனை தாயாருடையது. சாப்பாட்டு நேரத்தில் உரைபெயர்ப்பு கிடையாது. மருந்து, பயணம், 'சி' படிவம் ஆகிய மூன்றுக்கு மட்டும் மகள் நடுவில் வரலாம்.

மாணவியின் கொரிய அறிவு மிகக் குறைவு. எழுத்து தெரியும், சில நூறு சொற்கள் தெரியும். அரசர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட அந்த எழுத்து முறையில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. சொல்லின் முதலில் 'க' போலவும், உயிர்களுக்கு நடுவே மென்மையாகவும் ஒரே எழுத்து ஒலிப்பது நமக்குப் பழக்கம். துணைவினைகளும் மறுபடி கைகொடுத்தன. கொரியத்திலும் சாப்பிட்டுத்தான் 'பார்க்கிறார்கள்', செய்துதான் 'கொடுக்கிறார்கள்'. இதற்கு மேல் அவருக்கு வசதி இல்லை என்பதே நன்மையாகப் போனது. உரைபெயர்க்க முடியாதவரை யாரும் உரைபெயர்க்கச் சொல்லவில்லை.

விருந்தாளியும் கலகலப்பானவர். வந்த அன்றே, யார் மூத்தவர் என்று தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது என்று, மாணவியின் வயதைக் கேட்டார். ஜப்பானிய விருந்தாளியிடம் அம்மாயி கேட்டு, பேத்தி விழுங்கிவிட்ட அதே கேள்வி. விருந்தாளி ஒரு வயது பெரியவர் என்று தெரிந்ததும் இருவரும் தத்தம் மொழியில் அக்கா, தங்கை முறை வைத்துக்கொண்டார்கள். அம்மாயிக்கு மனநிறைவு.

வண்டி வேடிக்கையன்று, புராண வேடமிட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் போவதைப் பார்க்கத் தெருவே திரண்டிருந்தது. யார் யார் என்ன வேடம் என்று மாணவி விளக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் விளக்கினார்கள், நடித்துக் காட்டி. இரவு விருந்தாளி தான் புரிந்துகொண்டதைக் கொரியத்தில் மாணவியிடம் சொன்னார், பாதி புரிந்தது. மாணவி தவறுகளைத் திருத்திச் சொல்ல முயன்றார், பாதி சொல்ல முடிந்தது. கிளம்பும் வாரத்தில் எடுத்த பதிவில், அன்றைய நாள் எப்படிப் போனது என்று எளிய கொரியத்தில் ஏழெட்டு வாக்கியங்கள் தொடர்ந்து சொல்கிறார். என்5 முடித்த நிலையில் ஜப்பானியத்தில் அவரால் செய்ய முடியாதது இது.

எதை ஏற்கலாம், எதை ஏற்கக்கூடாது

ஒரு வீட்டை வைத்துச் சட்டம் இயற்ற முடியாது. கொரிய விருந்தாளி இயல்பிலேயே பேச்சுக்காரர், ஜப்பானிய விருந்தாளி அப்படி அல்ல. ஓர் அயல்மொழியில் தடுமாறிப் பழகியவருக்கு, அதைப் போன்ற வாக்கிய அமைப்புள்ள அடுத்த மொழி எப்படியும் வேகமாக வரும். இன்னொன்று, கொரிய விருந்தாளிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அவர்கள் இரவில் பேசியதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் என்று மாணவியே சொன்னார். எனவே 'உரைபெயர்ப்பை நிறுத்தினால் மொழி வளரும்' என்று சுவரில் எழுதி ஒட்ட நான் தயாராக இல்லை. முதல் விருந்தாளியின் காலத்தில், அதே இரண்டு பேர், அதே வீடு, அதே மொழி என்றிருந்தும் மாற்றம் நிகழ்ந்த வாரம் எது என்பது குறிப்பேட்டில் தெளிவாக இருக்கிறது. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

விருந்தாளிக்குக் கிடைத்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பரிமாற்றம் என்ற பெயரில் நடப்பது பல சமயம், வந்தவர் ஒருவரைப் பயன்படுத்தி இங்குள்ளவர் பேசிப் பழகுவதுதான். ஒசாகாப் பெண் தமிழ் கற்கத் தொடங்கியது பட்டறையில். திட்டத்தின் கால அட்டவணையில் தமிழ் வகுப்பே இல்லை.

செலவைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. பணத்தைச் சொல்லவில்லை. ஐந்து வாரம் காரம் குறைத்துத் தனிக் குழம்பு வைத்தது, தண்ணீர் காய்ச்சி ஆறவைத்தது, வயிற்றுப்போக்கு வந்த இரவில் விழித்திருந்தது எல்லாம் தாயார். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள் சார்' என்றார், சிரித்துக்கொண்டேதான். சான்றிதழ் மகளுக்கு, புகைப்படத்தில் கல்லூரி நிர்வாகம், அடுப்படியில் அவர். இந்த ஆண்டிலிருந்து, விருந்தாளி தங்கும் வீடுகளுக்கான குறிப்பில் சாப்பாட்டு நேர ஏற்பாட்டையும், வாரத்தில் ஒரு நாளாவது மாணவர் இல்லாத பகலையும் சேர்த்திருக்கிறேன். அதோடு, வாரத்தில் இரண்டு நாள் விருந்தாளிக்கான சாப்பாட்டைக் கல்லூரி உணவகமே பொறுப்பேற்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் இரண்டும் ஏற்கப்பட்டன. மூன்றாவது கோப்பில் இருக்கிறது. வரும் பிப்ரவரிக்கு மறுபடி வீடு தருவீர்களா என்று கேட்டதற்குத் தாயார், அந்தக் கோப்பு என்ன ஆனது என்று தெரிந்தபின் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.